மாமனாரின் மட்கார்டு

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. நாற்பது ஆண்டுகள் குறையின்றி ஓடிய ஒரு காரை, படித்த மனிதர் ஒருவர் ஒரே பகலில் கெடுத்தார். என் புகார் இவ்வளவே, விவரம் கீழே.

கார் அவருடைய மாமனாருடையது. அதன் உடல் இரும்பன்று. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து வார்த்த ஃபைபர். பிறர் மூச்சுக்காற்று அதன்மேல் பட்டாலே முகம் சுளிக்கும் அந்தப் பெரியவர், முந்தின நாள் மாலை தாமே ஓட்டிவந்து மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, உறைபோட்டு மூடினார்.

"எங்க ஷெட்டுல வேலை நடக்குது, மாப்பிள்ளை. நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்கறேன். பத்திரம்!"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. திருமண நாள்முதல், "ஆணி அடிக்கத் தெரியாத கை" என்று உறவினர் நடுவே தம்மை ஏளனம் செய்தவர், காரையே ஒப்படைத்துவிட்டாரே!

காலையில் உறையை நீக்கினால், முன் மட்கார்டில் மயிரிழைபோல் ஒரு விரிசல்.

"அப்பாகிட்ட போன்ல சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா? 'பார்வையாலேயே உடைச்சுட்டான்'னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானே சரிபண்றேன்."

"நீங்களா? குழாயைச் சரிபண்ணீங்க, இன்னும் வாளி வச்சுப் பிடிச்சிக்கிட்டிருக்கேன்."

அவர் காதில் வாங்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, விரிசலின் ஓரத்து அழுக்கையும், அங்கே ஒட்டியிருந்த ஏதோ நீலத் திட்டையும் பளிச்சென்று தேய்த்தெடுத்தார். வேலை என்றால் சுத்தம் வேண்டுமல்லவா!

பின்பு, கார் நசுங்கலைத் தட்டி நிமிர்த்தும் தெருமுனை டிங்கரை அழைத்துவந்தார்.

"உள்ளேயிருந்து லேசா ஒரு தட்டு தட்டினா கோடு சேர்ந்துடும், சார்."

தட்டினார். ஒரு கோடு சிலந்திவலையாயிற்று.

"என்னய்யா இது?"

"இரும்புன்னு நினைச்சேன், சார். ஃபைபர்னு நீங்க சொல்லலையே?"

"நீ கேட்கலையே!"

ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை. இருவரும் தத்தம் தொழிலில் அனுபவசாலிகளாம்! டிங்கர் சுத்தியலோடு நழுவினார்.

அடுத்து, மாப்பிள்ளை கடைக்குப் போய் ரெசின் என்னும் ஒட்டுப் பிசினை வாங்கிவந்தார். அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சில சொட்டு கலந்தால் போதும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருந்தது. அச்சிட்டதைப் படிப்பது படித்தவர்க்கு இழுக்கு என்று எண்ணினாரோ என்னவோ, மாலைக்குள் இறுக வேண்டுமென்று பாதிப் புட்டியைக் கவிழ்த்தார். கலவை கொதித்துப் புகைந்தது. பதறி, அதை அப்படியே விரிசலின்மேல் ஊற்றினார். அது வழிந்து, மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கிக் கல்லாய் இறுகியது.

"ஏங்க, பானெட் திறக்கமாட்டேங்குது!"

"திறக்க வேண்டாம். பானெட்டைத் திறந்துவச்சா வண்டி ஓட்டறாங்க?"

"அப்பா வந்ததும் முதல்ல அதைத் திறந்து ஆயில்தான் பார்ப்பார்."

மாப்பிள்ளை இடுக்கில் பெரிய திருப்புளியைச் செருகி நெம்பினார். மனைவி மறுபுறம் பிடித்து இழுத்தாள். படார்! பானெட் திறந்தது. மட்கார்டும் பெயர்ந்து, முன்விளக்கோடு மனைவியின் கைக்கு வந்தது.

அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். "இப்போ விரிசலே தெரியலைங்க" என்றாள்.

அந்நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமனாரும் மாமியாரும் இறங்கினர். மாப்பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால், இடி இறங்கவில்லை. மாமனாரின் முகத்தில், தேர்வு தள்ளிப்போன மாணவனின் மலர்ச்சி!

"பரவாயில்லை, மாப்பிள்ளை. கைதவறிடுச்சு, என்ன பண்றது? மன்னிச்சுட்டேன். வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துடுங்க, போதும்."

"மாமா! நீங்க தெய்வம், மாமா!" மாப்பிள்ளை காலில் விழக் குனிந்தும்விட்டார்.

மாமியாரோ உடைந்த மட்கார்டை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நேத்து நீங்க நம்ம கேட்டுல இடிச்சப்போ நீலப் பெயின்ட் ஒட்டிக்கிச்சே, அது எங்கே காணோம்?"

வாசகரே, பிறர் காரில் விரிசலைக் கண்டால் உப்புத்தாளைத் தொடாதீர்; முதலில் மாமியாரைக் கூப்பிடும்!