சோற்றுப் பருக்கையால் அடைத்த ஓட்டை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அதிலும் பெண் பார்க்கப் போகிற சமயத்தில் கூடவே கூடாது.

எழுபதுகளில் திருவள்ளூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். யாருக்கு எந்த ஷிப்ட் என்று அச்சடித்துத் தரும் புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். எழுதிய தாள்களும் அவரோடு போயின. மிஞ்சியவை, இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற துளை போட்ட அட்டைகள்.

"நானூத்திப் பதினேழாம் நம்பர் ஆளுக்கு மட்டும் நைட்டே வர்றதில்லயே, ஏன்?" என்றார் மேனேஜர்.

"கண்டுபிடிச்சிடலாம் சார்." (என் வாய்க்கு அப்போது பூட்டு கிடையாது.)

இயந்திர மொழிக்கு மாறிவிட்ட புரோகிராமைப் பிரித்து, உள்ளே இருக்கும் கட்டளைகளைக் காட்ட இன்று மென்பொருள்களே உண்டு. அன்று என் கருவிகள் ஜன்னல் வெளிச்சம், பென்சில், இயந்திரத்தின் கையேடு. துளை துளையாகப் படித்துக் கடைசியில் பிடித்தேன்: அந்த நம்பர் வந்தால் இரவைத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தது. ஏதோ சிபாரிசு என்று முடிவுகட்டி, நீதி வழுவாத மன்னனாக மாறி, என் சாப்பாட்டு டப்பாவிலிருந்த சோற்றுப் பருக்கையால் ஒரு காகிதத் துணுக்கை ஒட்டித் துளையை அடைத்தேன். அடுத்த வாரமே நானூற்றுப் பதினேழுக்கு நைட் ஷிப்ட்.

அந்த வாரக் கடைசியில் நானும் அம்மாவும் திருப்பாச்சூரில் பெண் பார்த்தோம். காபியோடு வந்த பெண்ணைப் பார்த்ததுமே, இனி வேறு வீட்டில் பஜ்ஜி தின்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பெண்ணின் அப்பாவும் எங்கள் தொழிற்சாலைதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார் பெண்ணின் அம்மா. "இவரு நைட்ல கண்ணசந்தா, கொறட்டய கேட்டு மெசினு பேஜாரு பண்ணுதுன்னு எல்லாரும் வேலய நிறுத்திடறாங்களாம். அதான் முன்ன இருந்த சாரு நைட்டே வேணாம்னு வச்சிருந்தாரு. இப்ப எவனோ அட்டையில கை வச்சிட்டான்."

நான் என் அம்மாவின் காலை மிதித்தேன். அதற்குள் அவளுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"எவனோ இன்னா, எம் புள்ளதான். சோத்துப் பருக்க வச்சே அடச்சிட்டான்."

குறட்டை நின்றது. ஒரு கண் மட்டும் திறந்தது.

"நைனா, நாளைக்கு மொத வேலயா போயி அந்தச் சோத்த சுரண்டு. அப்பால பொண்ணப் பத்திப் பேசலாம்."

சுரண்டினேன். கம்ப்ரெஸர் கெட்டுவிட்டதென்று அந்த வாரம் முழுக்க ஓடி ஓடி வந்திருந்த மேனேஜர், காரணத்தைக் கேட்டதும் சுரண்டத் தானே பிளேடு எடுத்துக் கொடுத்தார்.

இன்றும் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை நான் ஸ்க்ரூ டிரைவரோடு நெருங்கினால் மனைவி எழுந்துவிடுகிறாள். சமையலறைக்குப் போய், ஒரே ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டில் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.