கடைமடைக்கு முதல் ஆட்டம்

தண்ணீருக்கும் வீடியோ கேமுக்கும் ஒரே சட்டம் போட்டு, இரண்டையும் ஒரே முகத்தோடு அமல்படுத்திய மனிதர் காவிரிப் படுகையிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பட்டுக்கோட்டையில் எங்கள் தெரு அவரை லஸ்கர் என்றே அறியும். கால்வாய் மதகுகளை ஏற்றி இறக்கும் அரசாங்க வேலைக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நான் பத்திரிகை நிருபர். ஊரில் எல்லாவற்றையும் விசாரித்தேன், அதை மட்டும் விசாரித்ததில்லை.

தொண்ணூறுகளில் அவருடைய மச்சினன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பேராவூரணியில் தன் புது வீடு கட்டி முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அக்காள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். கேசட்டின் மேல் ஆயிரம் விளையாட்டு என்று அச்சடித்திருந்தது. லஸ்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரிசையாகத் திறந்து பார்த்தார். நாலைந்து விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வந்தன. மாலையில் என்னிடம் தீர்ப்பைச் சொன்னார்.

“பட்டா ஆயிரம் பேர்ல இருக்கு தம்பி. நிலம் என்னமோ ஒண்ணுதான்.”

ஊரில் எல்லாரும் கேசட் ஓடாவிட்டால் அதன் வாயில் ஊதினார்கள். லஸ்கர் வீட்டில் ஊதத் தடை. தென்னை ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கேசட்டின் பற்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அதற்குப் பெயர் தூர்வாருவது. அது முடியாமல் ஸ்விட்சைப் போட்டவருக்கு அன்று ஆட்டம் கிடையாது.

சிறுவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. பெரியவர்கள் அத்தனை பேர் காத்திருந்தார்கள். முறை வைக்க வேண்டியதாயிற்று. லஸ்கருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். வாய்க்காலின் தொடக்கத்தில், தலைமடையில் நிலம் வைத்திருப்பவன் எப்படியும் தண்ணீரைக் குடித்துவிடுவான். கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் வயல்தான் காயும். எனவே பற்றாக்குறைக் காலத்தில் கடைமடைக்கு முதலில் விட வேண்டும். அந்த விதியை அப்படியே டிவிக்கு முன்னால் கொண்டுவந்தார். தெருக்கோடியில் வீடு இருப்பவருக்கு முதல் ஆட்டம். அவர் தேங்காய் மண்டி பாய். பிறகு வீடு வீடாக முன்னேறி வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். தெருவின் முதல் வீடு லஸ்கருடையது. பெட்டிக்குக் காவலாளியான அவருக்குத்தான் கடைசி முறை. அவர் கைக்கு ஆட்ட ரிமோட் வந்து சேரும்போது பெரும்பாலும் கரண்ட் போய்விடும்.

“உங்க வீடு, உங்க டிவி. முதல்ல நீங்க ஆடுனா யாரு கேக்கப் போறா?” என்று பாய் ஒருமுறை சொன்னார்.

“அப்படித்தான் பாய் எல்லா மிராசும் ஆரம்பிக்கிறான்.”

அவர் மனைவி ராஜாத்தி அக்காவுக்கு அந்தப் பெட்டியே ஆகாது. கூடத்தில் இருந்தது ஒரே பிளக். கிரைண்டருக்கும் அதுதான். “இது வந்ததுலேருந்து என் கிரைண்டர்தான் கடைமடை. அதுக்கு மட்டும் முறையே வரல,” என்பார். அந்த வழக்கில் மட்டும் லஸ்கர் தீர்ப்புச் சொன்னதில்லை.

அவர் ஆடியது டாங்கி விளையாட்டு ஒன்றைத்தான். செங்கல் கோட்டையைக் காத்துக்கொண்டு, வருகிற டாங்கிகளைச் சுட வேண்டும். சில கட்டங்களில் குறுக்கே ஆறு ஓடும். அதைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே கோபம் வரும். “இவ்வளவு தண்ணி போவுது, ஒரு மதகு வச்சிருக்கானா பாரு.”

இந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது என்று மச்சினன் சொல்லியிருந்தான். லஸ்கர் ஏற்கவில்லை. வாய்க்கால் என்று இருந்தால் கடைமடை என்று ஒன்று இருந்தே தீரும் என்பது அவர் கட்சி. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. ஆனால் அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம்தான்.

புது வீடு முடிந்து, மச்சினன் மறுபடி லீவில் வந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். அன்று காலை தெருவே லஸ்கர் வீட்டில் கூடியது. முதல் முறை பாயுடையது. அவர் ரிமோட்டை எடுத்து லஸ்கரிடம் நீட்டினார்.

“முறை உங்களது பாய்.”

“ஆமா, என்னுது. என் முறைத் தண்ணிய நான் யாருக்கு வேணா விட்டுக்கொடுக்கலாம்ல? வாய்க்கால்ல அதுக்கு எடம் இருக்கா, இல்லையா?”

இருந்தது. லஸ்கரே பலமுறை அப்படி மாற்றிவிட்டிருக்கிறார். மற்ற வீட்டுக்காரர்களும் வரிசையாக விட்டுக்கொடுத்தார்கள். லஸ்கர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. அன்று கரண்டும் போகவில்லை. இதுவரை யாரும் பார்க்காத கட்டங்கள் வரத் தொடங்கியபோது வாசலில் கடைமடை விவசாயி ஒருவரின் சைக்கிள் மணி கேட்டது.

“லஸ்கரய்யா, மேல யாரோ மதகுப் பலகைய எறக்கிட்டாங்க. கடைசி வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரல. நாத்து காயுதுங்க.”

கூடம் அவரைப் பார்த்தது. அவர் திரையைப் பார்த்தார். நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தி, ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, மதகுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாங்கிகள் அப்படியே உறைந்து நின்றன. மத்தியானமும் வந்தது, மச்சினனும் பையோடு வந்தான். ஒயரைப் பிடுங்கக் குனிந்தவனை ராஜாத்தி அக்கா தடுத்தார்.

“கைய எடுடா.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா.”

“அடுத்த பஸ்ல போ. அவரு வந்து முடிக்கிறவரைக்கும் யாரும் தொடப்படாது.”

பிளக்குக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து அக்கா உட்கார்ந்துகொண்டார். ஊறவைத்த அரிசி மட்டும் பக்கத்து வீட்டுக் கிரைண்டருக்குப் போனது.

முழங்கால்வரை சேற்றோடு லஸ்கர் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. “தண்ணி ஏறிருச்சா?” என்று பாய் கேட்டார். “ஏறிருச்சு,” என்று சொல்லிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினார். மிச்சக் கட்டங்களும் கழிந்து, கடைசி டாங்கியும் வெடித்தது. திரை சாம்பல் நிறமானது. நாங்கள் எல்லாரும் முன்னால் நகர்ந்தோம்.

வந்தது முதல் கட்டம். அதே செங்கல், அதே கோட்டை.

“நான்தான் சொன்னேன்ல மச்சான், முடிவே கிடையாதுன்னு,” என்றான் மச்சினன்.

லஸ்கர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். பிறகு முகம் மெல்ல விரிந்தது. “கடைமடை வரைக்கும் போன தண்ணி திரும்பத் தலைமடைக்கு வந்திருக்குடா. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல.” அவரே ஸ்விட்சை அணைத்தார். கேசட்டை ஒருமுறை தூர்வாரி, ஒயரைச் சுருட்டி, பெட்டியை மச்சினன் கையில் கொடுத்தார். “ஊதாம வச்சுக்க.”

அன்று சாயங்காலமே கிரைண்டருக்கு முறை வந்தது.

நான் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். அந்தப் பழைய விளையாட்டுகள் எல்லாம் விரல் நீளக் குச்சியில் அடங்கி, டிவிக்குப் பின்னால் செருகும்படி வந்துவிட்டன. விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்துக்கொள்கிறது. தூசி இல்லை, தூர்வாரவும் வேண்டாம். என் மகள் ஒன்று வாங்கித் தந்தாள். வீட்டில் தனியாக இருக்கும்போது ஆடுகிறேன். ஆனாலும் முதல் ஆட்டத்தைத் தொடங்கும் முன் எழுந்துபோய் ஒருமுறை வாசலைத் திறந்து பார்த்துவிடுகிறேன், தெருக்கோடியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று.