மூக்குக் கண்ணாடிக் கடையில் ஓர் ஆய்வு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். "நலம்னா எதை வெச்சு அளந்தீங்க மாமா?" என்று உன் மகள் கேட்பாள் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மனைவி மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு பேச ஆரம்பித்துவிட்டாள். உன் மகள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு விடுதியில் பட்டப்பகலில் தூங்குகிறாள். நீயும் அத்தானும் இதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய்: வங்கி வேலையை உதறிவிட்டு அப்படி என்னதான் படிக்கிறாள், அது என்ன பிசினஸ் அனலிடிக்ஸ், பக்கத்தில் இருக்கிற நீ பார்த்துச் சொல், உருப்படியாகத் தெரியாவிட்டால் கடைசிப் பருவத்தைப் படிக்காமலே பெட்டியைக் கட்டிக்கொண்டு வரட்டும் என்று. பொறுப்பான பதில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தாமதம். உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக மூக்குக் கண்ணாடி விற்கிறேன், வணிகம் புரிகிறது, பகுப்பாய்வு என்றால் என்ன என்று விசாரிக்கப் போய், அந்தப் பகுப்பாய்வு என் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். இந்தப் பருவத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் வியாபாரத்தை மூன்று மாதம் ஆராய்ந்து ஏடு கொடுக்க வேண்டுமாம். அது தேறினால்தான் கடைசிப் பருவத்துக்குள் விடுவார்கள். தகவல் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த பெரிய கம்பெனி ஒன்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. முகம் சுண்டிப்போய் என் கடைக்கு வந்தாள்.

"மாமா, உங்க கடையைக் குடுங்க."

"கடையையா?"

"கடையோட தகவலை."

"என்கிட்ட என்னம்மா தகவல் இருக்கு? கண்ணாடிதான் இருக்கு."

மறுநாளே நோட்டும் கையுமாகக் கண் பரிசோதனை அட்டைக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணி வரை கல்லூரி, அதன் பிறகு கடை. யார் எப்போது வந்தார், தனியாக வந்தாரா துணையோடு வந்தாரா, எத்தனை பிரேம் போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாரா கூட வந்தவர் முகத்தைப் பார்த்தாரா, எல்லாம் எழுதினாள். அன்றன்றைய விற்பனையை என் பில் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். என்னையும் விடவில்லை. நான் டீ குடித்த நேரம், வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்து வந்தேனா, கடை திறந்த நேரம் என்று நாற்பது கட்டம். பக்கத்துக் கடைத் தையல்காரர் இவளை வரித்துறை என்று நினைத்து இரண்டு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் பத்தாம் நாள் அவள் ஒன்று சொன்னாள் அக்கா: தனியாக வருகிறவர் இரண்டு பிரேம் பார்த்து ஒன்றை வாங்குகிறார், மனைவியோடு வருகிறவர் பதினோரு பிரேம் பார்த்துவிட்டு முதலில் போட்டதையே வாங்குகிறார். இத்தனை வருஷம் என் கண் முன்னால் நடந்தது, நான் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன் நான். அன்றைக்கு என்னைப் பிடித்த ஆர்வம், பதினோரு பிரேம் பார்த்த ஒரு பெரியவரிடம் "ஏன் சார் நடுவுல ஒன்பது பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பன்னிரண்டாவதைப் பார்க்க வேறு கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் ஆனதும் ஒரு நாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, நீங்க சாப்பாடு எடுத்துட்டு வராத நாள்ல வியாபாரம் ரெண்டு மடங்கா இருக்கு. அந்த நாள்ல என்ன நடக்குது?" என்றாள்.

சொல்லக் கூச்சமாக இருந்தது. மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை.

"உங்க அத்தைக்கும் எனக்கும் சண்டை வந்திருக்கும்."

வேறு பிள்ளையாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவள் பேனாவைத் திறந்தாள். "வாரத்துக்கு எத்தனை?"

சண்டை போட்டால் கண்ணாடி விற்கிறது என்று நோட்டு சொல்கிறது. ஆனால் இரண்டு விஷயம் சேர்ந்து நடப்பது வேறு, ஒன்றால் இன்னொன்று நடப்பது வேறு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். அதனால் சோதித்துப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் நான் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் சண்டை, பூ விழுந்தால் சமாதானம். அத்தைக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் நடித்துவிடுவார்கள் என்றாள். பெரியவனாக இலட்சணமாக நான் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

முதல் நாள் தலை. குளிக்கிற தண்ணீர் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று சத்தம் போட்டேன். "ஆற வெச்சுக் குளிங்க" என்றாள், முடிந்தது. இரண்டாம் நாளும் தலை. சட்டையை ஏன் தேய்க்கவில்லை என்று எகிறினேன். சட்டை தேய்த்துத்தான் இருந்தது, அதுவும் நானே முந்தின நாள் தேய்த்தது. அவள் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பூ. அன்றைக்குப் பார்த்து, ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டேன் என்று அவளே ஆரம்பித்துவிட்டாள். விதிப்படி நான் சண்டை போடக் கூடாது. சிரித்த முகமாக "நீ சொல்றது சரிதான்" என்றேன். ஏழு முறை சொன்னேன். ஏழாவது முறை அவள் பயந்துபோய் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியில் "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு இல்ல டாக்டர். இன்னிக்குப் பூதான் விழுந்துச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் என்ன பூ என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. முழுவதையும் கேட்டுக்கொண்டே வீடு வரை நடந்தாள். கதவைத் திறக்கும்போது சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா என்கூட போட்ட சண்டையையாவது நிஜம்னு நெனச்சிருந்தேன்."

அப்புறம் மூன்று நாள் பேச்சே இல்லை. அக்கா, சண்டையில் ஒரு சத்தமாவது இருக்கும். இந்த மூன்று நாளில் வீட்டில் குழாய்ச் சொட்டு கேட்டது. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவரும் போட்டுக்கொண்டு போய்விட்டார், இன்னும் திரும்பி வரவில்லை.

நான்காம் நாள் உன் மகள் வந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். நான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

"தப்பு என்மேலதான் அத்தை. மனுஷங்கள வெச்சு சோதனை பண்ணா அவங்க சம்மதம் வாங்கணும்னு முதல் பருவத்துலயே சொல்லிக்குடுத்தாங்க. பரீட்சையில எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். வீட்ல மறந்துட்டேன். இந்த ஆய்வே வேணாம். நான் ஊருக்குப் போயிடறேன்."

பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் மனைவி, "அந்த நோட்டைக் கொண்டா" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தாள். பாதி நோட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"கடை தொறந்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கே. எல்லா நாளும் 'வழக்கம்போல'ன்னு எழுதியிருக்கு. யார் எழுதினது?"

"மாமா. நான் பத்து மணிக்குத்தானே வருவேன்."

"சண்டை போட்டா உங்க மாமா வீட்ல சாப்பிடமாட்டார். ஏழரைக்கே கெளம்பிடுவார். மத்த நாள் ஒன்பதரை. ராத்திரி கண்ணாடி மேல படுத்து ஒடச்சவன் காலைல ஏழரைக்குத்தான் கடை தேடுவான். ஒன்பதரைக்கு அவன் கண்ணு தெரியாம ஆபீஸ்ல உக்காந்திருப்பான். சண்டைல என்னடி இருக்கு? சீக்கிரம் தொறந்ததுலதான் இருக்கு."

உன் மகள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கிற காரணம் என்று அவர்கள் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறதாம். அன்று இருவரும் சேர்ந்து நோட்டு முழுவதையும் மறுபடி பார்த்தார்கள். சண்டைகள் எந்தெந்தத் தேதி, எதற்காக என்று என் மனைவி ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நான் செய்தித்தாளை இறக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஏடு கொடுத்தாகிவிட்டது. கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதுதான் முடிவு. நன்றியுரையில் முதல் வரி அத்தைக்கு. பேராசிரியர் பாராட்டியிருக்கிறார், திங்கட்கிழமை ஏட்டுக்கான வாய்மொழித் தேர்வு. ஆகவே அக்கா, உன் கேள்விக்கு என் பதில்: பெட்டியைக் கட்டச் சொல்லாதே. படிப்பு உருப்படியானதுதான். தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதை மறுபடி கேட்கச் சொல்லித்தருகிறது. அவளும் என் மனைவியும் கண்டுபிடித்தது கல் மேல் எழுத்து. நானும் இப்போது ஏழரைக்கே கடை திறக்கிறேன்.

அத்தானை மிகவும் கேட்டதாகச் சொல். நீ கண் சோதித்து இரண்டு வருஷம் ஆகிறது, கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தால் உடனே புறப்பட்டு வா. எல்லா நலமும் உங்களைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு நாள்காட்டியை எடுத்து வந்தாள். நோட்டில் தேதி இருக்கிறது, கிழமை இல்லை. சண்டை வந்த நாள்கள் அநேகமாக எல்லாமே செவ்வாயும் வெள்ளியும். லென்ஸ் தேய்க்கிற பட்டறையிலிருந்து பெட்டி எட்டு மணிக்கு வருகிற கிழமைகள் அவை. பெட்டி சரியாக வருமோ வராதோ என்று நான் விடியும்போதே சிடுசிடுவென்று இருப்பேன், அதை வாங்கத்தான் சீக்கிரம் ஓடுவேன். கண்ணாடிக்குச் சொல்லி வைத்தவர்கள் அன்றைக்குத்தான் வந்து வாங்கிப் போவார்கள், பில்லும் அன்றைக்குத்தான் போடுவேன். ஆக, சண்டையால் வியாபாரம் இல்லை, சீக்கிரம் திறந்ததாலும் இல்லை, வியாபாரத்தால்தான் சண்டை. இந்த வாரம் ஏழரை மணிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் மணி கேட்டார், இன்னொருவர் தையல்காரர். இதைத் தேர்வுக்கு முன்னால் உன் மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டதாம். பிறகு உன் மகள் கேட்டிருக்கிறாள்: "அப்ப மத்த நாள் நீங்க ரெண்டு பேரும் ஏன் சண்டை போடல அத்தை?" அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள்.