வேலுக்கனிக்கு ஒரு நாவல்

கடலுக்கும் பொய்க்கும் நடுவே மினுக்க நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் யாரும் அரசரை நேரில் பார்த்ததில்லை. திரையில் பார்த்திருந்தார்கள். அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த நாட்டின் தென்கோடியில் உப்பளக்குடி. சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. குடிநீர் அரசுத் தொட்டியில் இருந்தது, தொட்டிக்குப் பூட்டு இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை ஒரு தண்ணீர் வண்டி வரும். வராத வாரங்களும் உண்டு. உப்பு மட்டும் ஒரு நாள் தவறாமல் அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஊரில் ஒரு படிப்பகமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் உப்பளத்தில் வேலை இல்லை என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள். புதிதாக வந்த நாவல்களைப் பற்றிப் பேசுவார்கள், அவை படமாக வந்தால் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துக் காட்டுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம். 'நல்ல நாவல், எல்லோரும் படியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. ஆளைப் பார்த்து, பேர் சொல்லி, இது உனக்கு என்று கொடுக்க வேண்டும்.

"பேச்சியக்கா, இது ஒமக்கு," என்பார் படிப்பகக் காப்பாளர் பரஞ்சோதி. "தராசு ரிப்பேர் பண்ணுதவனோட கதை."

"நம்ம உப்பள முதலாளி தராசைப் பண்ணுவானா அவன்?" என்பாள் பேச்சித்தாய். நாற்பது வருடம் உப்பு வாரியவள். ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் மோசமான நாவலை மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவாள்.

அந்தத் தெருவில் முதல் பட்டதாரி சந்தனமாரி. அவள் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதிக்கொண்டிருந்த காலையில்தான் அவள் அம்மா வேலுக்கனியும் இன்னும் பத்துப் பெண்களும் குடங்களை எடுத்துக்கொண்டு அரசுத் தொட்டிக்குப் போனார்கள். தண்ணீர் கேட்டார்கள். காவல்படை சுட்டது. பதினோரு பேரும் திரும்பி வரவில்லை. தேர்வில் மாரி முதல் வகுப்பு.

அந்தத் தொட்டிக்குக் காவல் இருந்து, அன்றோடு வேலையை விட்டுப் போன ஒருவர் பிறகு ஒரு நாவல் எழுதினார். பெயர் 'பதினோரு குடம்'. முந்நூறு பிரதி அச்சானது. அதன் கடைசி அத்தியாயத்தில், நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில், வேலுக்கனி சாகிறாள். மொத்தம் ஒன்பது வரி. விழும்போது குடம் உடைந்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுகிறாள். வெறுங்குடம்தான். ஆனாலும் உடையவிடவில்லை.

அம்மா எப்படிச் செத்தாள் என்று மாரிக்குத் தெரிந்தது அந்த ஒன்பது வரியில்தான். வேறு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் யாரும் ஊரில் மிஞ்சவும் இல்லை.

அந்தச் சமயத்தில் அரசு தழுவல் துறை என்று ஒரு துறையைத் தொடங்கியது. நாட்டின் சிறந்த நாவல்களை அரசே படமாக எடுக்கும், எதை எடுக்கலாம் என்று வாசகர்கள் பரிந்துரைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. கூடவே ஒரு படிவம். அதில் 'யாருக்குப் பரிந்துரைக்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது.

தங்கள் வழக்கத்தை அரசும் மதிக்கிறது என்று படிப்பகத்தில் ஒரே பூரிப்பு. மாரி 'பதினோரு குடம்' என்று நாவலின் பெயரை எழுதிக் கட்டத்தை நிரப்பினாள்: அரசருக்கு.

"ஏட்டி, அவனுக்கா?" என்றாள் பேச்சித்தாய்.

"அவன்தான் அத்தை படிக்கணும்."

"படிச்சுட்டு?"

மாரியிடம் அதற்குப் பதில் இருந்தது. படித்தால் புரியும் என்று அவள் நம்பியிருந்தாள். முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எழுத்தில் கொடுத்தால் போதும், மேலே இருப்பவர்கள் வெட்கப்பட்டு விடுவார்கள் என்று நினைப்பார்கள்.

படம் எட்டே மாதத்தில் வந்தது. பெயர் 'தாகம் தீர்த்தவன்'. படிப்பகமே கிளம்பி நகரத்துக்குப் போனது. படத்தின் நாயகன் தொட்டி அதிகாரி. கதைப்படி அவருக்கு அரசரின் சாயல். பதினோரு பெண்களும் குடத்தோடு நடந்து வந்தார்கள். வேலுக்கனியாக நடித்தவர் நாட்டின் பெரிய நடிகை.

பேச்சித்தாய் இருட்டில் மாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பட்டி சுடுவானுவ?"

"இப்ப வரும் அத்தை."

"கண்ண மூடிக்கிடுதேன். முடிஞ்சதும் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சுடவே இல்லை. அதிகாரி பூட்டை வெறுங்கையால் உடைத்தார். தண்ணீர் பொங்கியது. பதினோரு பெண்களும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பாட்டு முடிந்து விளக்குப் போட்ட பிறகும் பேச்சித்தாய் கண்ணைத் திறக்கவில்லை. அரங்கம் முழுக்கக் கைதட்டியது.

திரும்பி வரும் வழியில் யாரும் சண்டை போடவில்லை. மாரி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அம்மாவின் குடம் நிரம்பி வழிந்தபோது அவள் ஒரு கணம் சிரித்திருந்தாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அடுத்த மாதம் முதல் ஆணை வந்தது. நாவலைப் படித்தவர்கள் சில நூறு பேர், படத்தைப் பார்த்தவர்கள் நான்கு கோடிப் பேர். மினுக்க நாடு மக்களாட்சி நாடு. எனவே நூலும் படமும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே பெரும்பான்மையினர் பார்த்ததே சரி. பிழையுள்ள பிரதிகளை வாசகர்கள் ஒப்படைத்துவிட்டு, திருத்திய பதிப்பை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். திருத்திய பதிப்பில் கடைசி அத்தியாயம் இருந்த இடத்தில் பாட்டு அச்சாகியிருந்தது.

இரண்டாம் ஆணை தண்ணீரைப் பற்றியது. உப்பளக்குடியில் தண்ணீர் திறந்துவிடப்பட்டதை நாடே பார்த்துவிட்டதால், தண்ணீர் வண்டி இனித் தேவையில்லை. வண்டி நின்றது. தொட்டியின் பூட்டு அப்படியே தொங்கியது.

மூன்றாம் ஆணை கடிதமாக மாரியின் வீட்டுக்கே வந்தது. 'தங்கள் தாயார் திருமதி வேலுக்கனி உயிருடன் இருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அவரது இறப்புப் பதிவு நீக்கப்பட்டது. அவர் பெயரில் தவறுதலாக நடப்பட்டுள்ள கல்லைத் தாங்களே அகற்றாவிடில் அரசு அகற்றும்.' கீழே ஒரு கையெழுத்து. அம்பலவாணர், தழுவல் ஆணையர். 'ர்' எழுத்தின் வால், போட்டவருக்கே நிறுத்த மனமில்லாததுபோல், தாளின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

மாரி பேச்சித்தாயைக் கூட்டிக்கொண்டு தழுவல் துறை அலுவலகத்துக்குப் போனாள். ஆணையர் அம்பலவாணர் கனிவான மனிதர். நாற்காலி போடச் சொன்னார்.

"உங்கள் தாயார் உயிருடன் இருப்பது உங்களுக்கு வருத்தமா அம்மா?"

"உசிரோட இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க."

"அவர் இப்போது நாட்டின் சொத்து. ஒரு வீட்டுக்குள் அடைக்க முடியாது."

"அவங்க செத்ததை நான் எங்க பதிஞ்சு வைக்கிறது?"

"எதற்காகப் பதிய வேண்டும்? ஒரு தாய் சாவதைவிட வாழ்வது நல்லதல்லவா? நாங்கள் அவரைக் கொல்லவில்லையே அம்மா. வாழவைத்திருக்கிறோம். துறையின் பெயரைப் பாருங்கள். தழுவல். தழுவுதல் என்றால் அணைத்தல். உப்பளக்குடியை அரசு அணைத்துக்கொண்டிருக்கிறது."

"வெளக்கையும் அணைக்கத்தான் செய்வோம் ஐயா," என்றாள் பேச்சித்தாய்.

ஆணையர் அதை ரசித்துச் சிரித்தார். மக்களின் நகைச்சுவை உணர்வு குறையவில்லை என்று குறித்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பதினோரு கற்களும் போயின. அவற்றை உப்பளத்து வரப்புக்குப் போட்டார்கள்.

படிப்பகத்திலிருந்த பிரதிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பரஞ்சோதி எண்ணிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. அதை உப்புச் சாக்குக்குள் போட்டு, மாரியிடம் தந்தார். "இது ஒனக்கு," என்றார். வழக்கப்படிதான் சொன்னார். நாட்டில் வேலுக்கனி செத்திருந்த இடம் அதன்பின் அந்த ஒரு பிரதி மட்டும்தான்.

நான்காம் ஆணை வாசகர்களைப் பற்றியது. நாவல்களைப் பற்றி வாய்மொழியாகப் பரிந்துரைப்பது குழப்பம் விளைவிக்கிறது. இனிப் பரிந்துரைகள் துறையின் வழியாகவே செல்லும். நூலையும் படிவத்தையும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பெறுநரைத் துறையே தூதர் மூலம் தேடிச் சென்று நூலைச் சேர்த்து, கையொப்பம் பெற்று, பெறுநரின் கருத்துடன் பரிந்துரைத்தவருக்குத் தெரிவிக்கும். ஞாயிறுக் கூட்டம் கலைந்தது. மற்றவர்கள் ஆணையின் முதல் பத்தியைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்கள். மாரி கடைசி வரைக்கும் படித்தாள். ஒன்பதாம் விதி இப்படி இருந்தது: 'பெறுநர் உயிருடன் இல்லையெனில், தூதர் அவ்வாறே படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, நூலைத் திருப்பித் தர வேண்டும்.'

மாரி அதை மூன்று முறை படித்தாள். பிறகு பேச்சித்தாய்க்குப் படித்துக் காட்டினாள்.

"புரியுதா அத்தை? அம்மாவுக்கு ஒரு நாவல் அனுப்பப் போறேன்."

"எந்த நாவல?"

"அவங்க நாவல்தான். தூதன் தெருத்தெருவா அலைவான். அம்மா இருக்க மாட்டாங்க. 'உயிருடன் இல்லை'ன்னு அவன் கையால எழுதித்தான் ஆகணும். அரசாங்கக் கையெழுத்தோட."

"திருத்தின புஸ்தகத்த அனுப்பு. ஒன்னோடத வச்சுக்க."

"திருத்தினதுல அவங்க ஆடிட்டிருக்காங்க அத்தை. செத்தவங்களுக்கு அதையா குடுக்கச் சொல்றீங்க?"

"இருக்கது ஒண்ணுட்டி."

"திரும்பி வந்துரும். விதியில இருக்கு."

அவள் விதியை நம்பினாள். முன்னமே சொன்னேன், அது ஒரு வியாதி.

திருத்திய பதிப்பின் மேலட்டையைப் பழைய பிரதிக்குப் போட்டாள். தழுவல் துறை அலுவலகத்தில் எழுத்தர் அட்டையைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அந்தத் துறையில் நூலைத் திறந்து பார்ப்பவர் யாருமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிவத்தில் அவள் எழுதியிருந்தது: 'பெறுநர்: வேலுக்கனி, உப்பளத் தெரு. ஏன் பரிந்துரைக்கிறீர்கள்: இது அவருடைய கதை.'

அதன்பின் தேர்தல் வந்தது. நடிகை உப்பளக்குடிக்கு வேலுக்கனியின் சேலையில் வந்து ஓட்டுக் கேட்டார். கூட்டம் சேர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, தண்ணீர்ப் பொட்டலம் கொடுத்ததால்தான் சேர்ந்தது. வாக்குப்பதிவு நாளில் மாரி சாவடிக்குப் போனாள். பட்டியலில் அவள் பெயருக்கு மேலே அம்மாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் வந்து போனதற்கான குறியும் இருந்தது. காலையிலேயே வந்து போய்விட்டார்களாம், பதினோரு பேரும். வரிசையில் நிற்காமல்.

பரிந்துரைக்குப் பதில் வந்ததும் தேர்தல் முடிவு வந்ததும் ஒரே நாளில். உப்பளக்குடித் தொகுதியில் அரசரின் கட்சி பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் வென்றதாகப் பரஞ்சோதி படித்துவிட்டு, செய்தித்தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாரி உறையைப் பிரித்தாள். உள்ளே புத்தகம் இல்லை. தாள் மட்டும்தான் இருந்தது. உறையைக் கவிழ்த்து உதறினாள். மறுபடி உதறினாள்.

பேச்சித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னட்டி எழுதியிருக்கு? செத்துட்டான்னு எழுதியிருக்கானா?"

மாரி படித்தாள். பேச்சித்தாய்க்கு எப்போதும் படித்துக் காட்டும் அதே குரலில், ஒரு சொல்லும் விடாமல்.

"'நூல் கிடைத்தது. பெறுநரின் கருத்து: படித்தேன். முடிவு சரியில்லை. படம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நூலை நானே வைத்துக்கொள்கிறேன். இப்படிக்கு, வேலுக்கனி.'"

"கைநாட்டு வச்சிருக்கா?"

"இல்ல அத்தை. கையெழுத்து."

அழகான கையெழுத்து. பெயரின் கடைசி எழுத்தின் சுழி மேலே எழும்பி, நிறுத்த மனமில்லாமல், தாளின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

பேச்சித்தாய் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் அந்தக் கோட்டை ஓரம் வரைக்கும் தடவிக்கொண்டே போனாள்.

"உசிரோட இருந்தப்ப ஒரு எழுத்து சொல்லித் தரல," என்றாள். "செத்த பெறவு படிக்க வச்சுட்டானுவளே."