மூட்டம் டயர் தேய்த்த படலம்

நாலு பேரைத் தீர்த்துக்கட்டுவது என்று அவர் முடிவெடுத்தது ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை காலையில். நாலு பேரும் உருண்டை. நாலு பேரும் அவர் வீட்டு வாசலிலேயே, தகரக் கூரைக்கு அடியில், நனையாமல் சுகமாக நின்றிருந்தார்கள். நனைந்துகொண்டு நின்றவர் அவர்தான்.

வேறு யாரும் இல்லை, அவருடைய காரின் டயர்கள்.

அலுவலகத்தில் அவருக்கு மூட்டம் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, முகத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இறப்புக் கோரிக்கைப் பிரிவு. யாராவது கண்ணை மூடினால்தான் அவர் மேசைக்கு வேலை வரும். வேலை வராத நாளே கிடையாது. அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் சூரியகாந்திப் பூவுக்கே முகம் தொங்கிவிடும். "மூட்டம் சார் வர்றார், துணியெல்லாம் எடுத்து உள்ள போடுங்க" என்று வாசல் காவலாளி வரை கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் உற்சாகம் வேண்டுமே.

அப்படிப்பட்டவருக்கு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் வெயில் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சாலை, வளைவுக்குமேல் வளைவாகப் போகும். அவரிடம் ஒரு சிவப்புக் கார் உண்டு. இரண்டே கதவு, தரையோடு தரையாக உயரம், இரண்டாம் கை. அதிலிருந்து இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது போல. அந்தக் காரில், அந்த வளைவுகளில், தனியாக ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் உலகத்தில் யாரும் சாகவில்லை.

குறை ஒன்றுதான். காரை விற்றவன் நல்ல டயர்களைக் கழற்றி வைத்துக்கொண்டு சாதாரண டயர்களை மாட்டிக் கொடுத்துவிட்டான். ஓட்டப்பந்தயக்காரன் காலில் குளியலறைச் செருப்பு. ஒவ்வொரு வளைவிலும் கார் "வேண்டாம் சார்" என்று முனகியது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் விஷயத்தை மனைவியிடம் எடுத்தார். மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். அப்போது அவள் பற்பசைக் குழாயைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு பொருள் தீராமல் அடுத்தது வராது. தீர்ந்ததா இல்லையா என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

"ஏம்மா, காருக்கு டயர் மாத்தணும்."

"தேஞ்சிடுச்சா?"

"தேயல. ஆனா மட்டமான டயர்."

"மட்டமா இருந்தா தேஞ்சிருக்குமே?"

"அங்கதான் நீ தப்பு பண்ற. நல்ல டயர்தான் சீக்கிரம் தேயும். ரப்பர் மெத்துன்னு இருக்கும். ரோட்டைப் பசை மாதிரி புடிக்கும். புடிக்கப் புடிக்கக் கரையும். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் வரும். ஆனா என்ன ஓட்டம்!"

"சாதா டயர்?"

"அது கல்லு. எண்பதாயிரம் கூட ஓடும்." அவர் முகத்தைச் சுளித்தார். "பக்கவாட்டுல தேய்மான எண்ணுன்னு ஒண்ணு அச்சடிச்சிருப்பான். எண் பெருசா இருந்தா கல்லு. சின்னதா இருந்தா வெண்ணெய்."

"அப்ப வெண்ணெய்க்குக் காசு அதிகமா?"

"ரெண்டு மடங்கு."

மனைவி குழாயை வழிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். துணிக்கு அளவெடுக்கும் பார்வை.

"என்னங்க, ரெண்டு மடங்கு குடுத்து, பாதிகூட ஓடாததை வாங்கணும்ங்கறீங்க. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வண்டி எப்படி ஓடுதோ அதுக்கேத்த டயர்தாம்மா போடணும். அதுதான் விதி!"

"சரி. இது தேயட்டும். தேஞ்சதும் உங்க விதிப்படியே போடலாம்."

"டயருக்கு வயசாயிடுச்சும்மா. தேயாட்டியும் ஆறேழு வருஷத்துல மாத்தணும்."

"எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு டயர்லயே போட்டிருக்கும்னு போன மாசம் நீங்கதானே காட்டுனீங்க? பாத்துட்டேன். ரெண்டு வயசு. பால்குடி."

அன்று முதல் அவள் எதிரில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். ஆனால் அது இரண்டாவது தீர்மானம். முதல் தீர்மானம் கொலை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் இந்த டயர்கள் அவர் ஓய்வுபெற்று, அவருடைய கோரிக்கையே அதே மேசைக்கு வந்து சேரும்வரை தேயாது. எதிர்வீட்டுப் பல் மருத்துவரிடம் ஆலோசனை கேட்டார். மருத்துவர் வாசலில் குந்தி, பல் குத்திப் பார்க்கும் ஊசியை டயரின் பள்ளத்தில் விட்டார்.

"அருமையான கடைவாய் சார். அசையவே இல்ல. இதைப் புடுங்கச் சொல்றீங்களா?"

"தானா விழணும் டாக்டர். பள்ளத்துக்குள்ள குறுக்க ஒரு சின்ன மேடு தெரியுதா? ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"பல்லு எதனால சார் தேயுது? அரைக்கிறதால. அரைக்க ஏதாவது குடுங்க."

அன்று மாலையே அவர் மனைவி முன்னால் போய் நின்றார். குரலில் தேன்.

"ஏம்மா, கர்ட்டனெல்லாம் வேன் வச்சுத்தானே அனுப்புற? பாவம், அந்த வேன்காரன் நேரத்துக்கு வர்றதில்லன்னு சொன்னியே. நான் கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் தூக்கிய மிகப் பெரிய சுமை செய்தித்தாள். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"நீங்களா?"

"ஆபீஸ் முடிஞ்சு சும்மாதானே இருக்கேன்."

"உங்க காருலயா? அதுல ஆளே மடிச்சு வச்சாத்தானே உள்ள போக முடியும்!"

"கர்ட்டனை மடிக்கலாமே."

அவள் கழுத்து டேப்பை எடுத்து ஒரு திரைச்சீலையின் மடிப்பை அளந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி கேட்காதபோதுதான் அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

அடுத்து வந்தது மழையும் இருட்டும் ஈரத் துணி வாசனையுமான காலம். அலுவலகத்தில் இறந்தவர்களை முடித்துவிட்டு, மாலையில் உயிரோடு இருப்பவர்களின் ஜன்னல்களுக்குப் போவார். பின்சீட்டில் திரைச்சீலை மூட்டை. கூரையை ஒட்டிப் பின்னாலிருந்து முன்னால் வரை நீட்டிக்கொண்டு கம்பிகள். டயர் தேய வேண்டுமே என்று அவர் அழுத்தி பிரேக் போடுவார். கம்பிகள் முன்னுக்கு வந்து அவருடைய பிடரியில் "என்ன சார்" என்று தட்டும். எந்தச் சந்திப்பிலும் தேவைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார். வீட்டுக்கு வந்ததும் காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்து, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருகுவார். சிமெண்ட் தரையில் ரப்பர் அரைபடும் சத்தம். அந்த ஒரு சத்தத்தில்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்கும்.

வேலை பெருகியது. வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள் என்று பேர் பரவியது. மாடிப்படி ஏறுவது மட்டுமல்ல, ஏணி மேல் ஏறி மாட்டிக் கொடுப்பதும் அவர் தலையில் விழுந்தது. ஒரு வீட்டில் ஒரு பெண்மணி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த இன்சூரன்ஸ்..." என்று ஆரம்பித்தாள். அவளுடைய கணவரின் கோரிக்கையைத் தீர்த்தவர் அவர்தான். "ஆமாம்மா" என்றார் ஏணியிலிருந்து. "வேற வேலைக்கு மாறிட்டீங்களா? நல்லது. அங்க இருந்தப்ப ரொம்ப வாட்டமா இருந்தீங்க." அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் அதே வாட்டத்தோடு குடித்தார்.

பிறகு மனைவி மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் வீட்டுல இருக்காங்க. அன்னைக்கே மாட்டிக் குடுத்தா தேவலைன்னு கேக்கறாங்க."

அவருக்கு நீர்த்தேக்கத்தின் முதல் வளைவு கண் முன்னால் வந்தது. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொன்னது. இப்போது சில ஞாயிறுகளைக் கொடுத்தால் டயர் சீக்கிரம் சாகும். பிறகு வரும் எல்லா ஞாயிறும் வெண்ணெய் மேல் ஓடும்.

"கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

"கொஞ்ச நாளைக்குத்தாங்க" என்றாள் அவளும்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது பல் மருத்துவர் ஊசியை விட்டுப் பார்த்தார். ஊசி உள்ளே போகவில்லை. "ஈறுதான் சார் மிச்சம். ஆழ்ந்த அனுதாபங்கள்." மொட்டை! நாலும் மொட்டை! அன்று அலுவலகத்தில் மூட்டம் ஒரு முறை சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டயர் கடைக்கு மனைவியும் வந்தாள். தரையிலிருந்து கூரை வரை டயர்கள். புது ரப்பர் வாசனையில் அவருக்கு லேசாகக் கண் கலங்கியது. நேரே போய் வெண்ணெய் அடுக்கின் முன் நின்று, ஒரு டயரின் கன்னத்தைத் தடவினார்.

கடைக்காரர் கழற்றிய பழைய டயரைப் புரட்டிப் பார்த்தார். "சார், இது கெட்டியான டயராச்சே. இதையே இப்படித் தின்னுருக்கீங்களே. டாக்ஸி ஓட்டுறீங்களா?"

"கர்ட்டன் ஓட்டுறார்" என்றாள் மனைவி.

"இந்த ஓட்டத்துக்கு அவர் கை வச்சிருக்கிற டயரைப் போட்டா, அடுத்த மழைக்கு முன்னாடியே திரும்ப இங்க நிப்பீங்கம்மா."

"உங்களைப் பாக்கிறது சந்தோஷம்தான் அண்ணே. அடிக்கடி வேணாம்." அவள் எதிர் அடுக்கின் முன் குந்தினாள். கழுத்து டேப் தரையைத் தொட, ஒவ்வொரு டயரின் பக்கவாட்டையும் விரல் வைத்துப் படித்தாள். "இதுல எண் சின்னது. இதுல கொஞ்சம் பெருசு. இந்தா, இருக்கிறதுலயே பெருசு. இதுதானே கல்லு?"

"ஏம்மா..." அவர் தடவிய டயரை விடாமல் பிடித்துக்கொண்டார். "மெது டயர்தான் மழையில புடிக்கும். உயிர் முக்கியமில்லையா? நான் தினமும் பாக்கிறேன்மா, எத்தனை ஃபைல்..."

"அண்ணே, இது மழையில எப்படி?"

"ஈரப் பிடிப்புலயும் முதல் தரம்மா. ரேஸ் மாதிரி வளைவுல திருப்புனாத்தான் கொஞ்சம் குறையும். கர்ட்டனுக்குக் கண்ணை மூடிட்டுப் போடலாம்."

"வண்டி எப்படி ஓடுதோ அதுக்கேத்த டயர்தான் போடணும்" என்று மனைவி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "அதுதான் விதி. இவர்தான் சொல்லிக் குடுத்தார் அண்ணே. டயரைப் பத்தி இவருக்குத் தெரியாதது இல்ல."

கடைக்காரர் அவரை மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் மழை. நாலு கற்கள் மேல் கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. நீர்த்தேக்கத்துக்குப் பிரியும் சாலை வந்தது, போனது. அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உனக்கு ஒத்தாசையா இருக்கணும்னு நான் கர்ட்டன் தூக்கல. டயர் தேயணும்னுதான் தூக்கினேன். வேணும்னே தேய்ச்சேன்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கைத் திருகித் திருகி வாசல் பூரா கறுப்பா வட்டம் போட்டு வச்சீங்களே. தினம் காலையில அதைத் தேச்சுக் கழுவினது யாரு? முதல் வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

மனைவி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து, வெளியே யார் வீட்டிலாவது திரைச்சீலை இல்லாத ஜன்னல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

"டயர் தேயற வரைக்கும்தான் நீங்க கர்ட்டன் தூக்குவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் தேயாத டயரா வாங்கிட்டேன்."