எமிலியானுஸ் மூப்பரின் டச்சு

மொழி தெரிந்தவர்களை உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: மொழி படித்துக்கொண்டே இருப்பவர். இவர் கொப்பி வாங்குவார், அதற்கு அட்டை போடுவார், அட்டையில் பெயர் எழுதுவார், பெயருக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு அடிப்பார், அடித்த களைப்பில் தேத்தண்ணி கேட்பார். பேசுவாரா? மூச்!

இத்தாலியின் பலெர்மோவில் இந்த இனத்தின் தலைவர் எமிலியானுஸ் மூப்பர். வயது ஐம்பத்தெட்டு. கிழமை நாட்களில் ஒரு வெள்ளைக்கார சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைப்பவர். ஞாயிறுகளில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலுள்ள கோயிலில் தமிழ்ப் பூசைக்கு மணி அடிப்பது முதல் மெழுகுதிரி அணைப்பது வரை எல்லாம் அவர்தான். தொண்ணூற்று நாலில் அவர் டச்சு படிக்கத் தொடங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஹொலண்டுக்காரனைக் கட்டிய மகள் அமலினியின் பிள்ளை ஸ்ரெல்லாவுக்கு டச்சு மட்டும்தான் வரும். டெலிபோனில் அவள் கீச்சிடுவாள், இவர் "ம்ம், ம்ம்" என்பார். இருக்கிற ஒரே பேத்தியோடு கதைக்க முடியவில்லையே என்று மனுசன் உண்மையிலேயே வேதனைப்பட்டார்.

"ரெண்டு சொல்லாவது சொல்லிப் பாருங்கோவன்," என்பாள் மனைவி விமலராணி.

"அரைகுறையாக் கதைச்சுச் சிரிப்புக் காட்டச் சொல்லுறியோ? முழுசாப் படிச்சிட்டுத்தான் வாய் திறப்பன்."

எதைப் படித்தார்? அமலினி அனுப்பிய பாலபாடத்தில் நாயும் பூனையும் இருந்தபடியால் அதைத் தள்ளிவைத்து, டச்சுப் பூசைப் புத்தகம் ஒன்றை வரவழைத்தார். பூசைதான் தலைகீழாகத் தெரியுமே, அகராதி எதற்கு? மூன்று வருடம் பஸ்ஸில் படித்தார், கோயில் வாசலில் படித்தார், "டச்சு லேசு பிள்ளை, முறைதான் வேணும்" என்று பாடகர் குழு அற்புதமலருக்கு வகுப்பும் எடுத்தார்.

தொண்ணூற்றேழு ஜூலையில், ஊர்ப் பாதுகாவலி சாந்தா ரோசாலியாவின் திருநாளுக்கு ஸ்ரெல்லா வந்தாள். ஐந்து வயது. ஒரேத்தோ தெருவில் மூப்பரின் வீட்டுக்குள் பாதிச் சபை கூடியிருந்தது. அமலினியும் விமலராணியும் கீழே பெட்டிகளோடு மல்லுக்கட்ட, பிள்ளை முதலில் மேலே ஓடி வந்துவிட்டது. மூப்பர் தொண்டையைச் செருமிக் கைகளை விரித்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக," என்றார், சுத்த டச்சில்.

நல்ல வளர்ப்பு. பிள்ளை கைகூப்பி, "உம்மோடும் இருப்பாராக," என்றது.

"தோத்தான் வெள்ளைக்காரன்!" என்று கூட்டத்தில் நின்ற இராஜதுரை கைதட்டினார்.

பிள்ளை மூப்பரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாக ஏதோ கேட்டது. மூப்பர் மூன்று வருடப் படிப்பையும் மனதுக்குள் புரட்டினார்.

"இறைவனுக்கு நன்றி."

பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு மறுபடி கேட்டது.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்."

"என்ன மூப்பர் கேக்குது?" என்றாள் அற்புதமலர்.

"ஆசீர்வாதம் கேக்குது," என்று சொல்லி, பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். வரைந்து முடிப்பதற்குள் பிள்ளையின் காலடியில் தரை ஈரமாகிவிட்டது.

சபை சிரித்தது. பிள்ளை வீறிட்டு அழுது கதவு மூலைக்குள் ஒடுங்கியது. மூப்பர் கிட்டப் போனால் இன்னும் ஒடுங்கியது. யாருக்காகப் படித்தாரோ அவளே இப்போது அவருக்கு முகம் காட்டவில்லை. துணியை எடுத்து முழங்காலில் இறங்கினார். தரை துடைப்பதாவது முழுசாகத் தெரிந்த வேலை. துடைத்தபடியே, வேறு சொல் அகப்படாமல், நெஞ்சில் தட்டிக்கொண்டு டச்சில் சொன்னார்:

"என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே."

டச்சுப் பிள்ளையின் காதுக்கு அது 'எல்லாம் என் பிழை' என்றுதான் கேட்டிருக்கும்; அழுகை நின்றது. பிள்ளை வந்து அவருடைய வழுக்கையில் கை வைத்து ஏதோ சொன்னது.

"விளங்கேல்லை ராசாத்தி, திருப்பிச் சொல்லு," என்றார் தமிழில்.

அவள் சொன்னாள். அவர் பிழையாகச் சொன்னார். அவள் சிரிக்கச் சிரிக்க, அவர் இன்னும் பிழையாகச் சொன்னார். அன்றுதான் அவர் டச்சு பேசினார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் உங்கள் மேசை லாச்சிக்குள் அட்டை போட்ட கொப்பி ஒன்று கிடக்கிறதே, முதல் பக்கத்தில் மட்டும் எழுத்து இருக்கிறதே, அது யாருடையது?