லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு சாட்சிக் கையெழுத்து

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, உன் தம்பியும் நிதியமைச்சருமான நான் எழுதுவது. கால் கட்டோடு படுத்திருக்கும் நீ, கோபத்தில் எழுந்து நின்றுவிடாமல் படிக்கவும். பழைய கோப்பு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தாள் மிச்சம்.

“எனக்குப் பதிலா நீ போய் நில்லுடா” என்று உன் மகளின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாய். நான் அமைச்சரான பிறகு நீ கேட்ட ஒரே உதவி. பதிவு அலுவலகம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருப்பதால் கார் செலவும் இல்லை என்று மகிழ்ந்து லிஃப்டில் ஏறினேன், அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, லிஃப்ட் மெக்கானிக் வேலையைப் போன வருடம் நான்தான் சிக்கனம் கருதி ஒழித்திருந்தேன், வெளியாளைக் கூப்பிட நிதியமைச்சர் ஒப்புதல் வேண்டும் என்று செயலாளர் கதவிடுக்கு வழியாகக் கோப்பை நீட்டினார். எந்தக் கோப்பும் முதல் தடவையே என்னிடம் கையெழுத்து வாங்கியதில்லை. ‘இதைவிடக் குறைந்த செலவில் முடியுமா?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“சார், உள்ள இருக்கறதே நீங்கதான் சார்.”

“யார் இருந்தா என்னய்யா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

பதில் வந்தது: முடியும். திங்கட்கிழமை லிஃப்ட் கம்பெனியிலிருந்து வழக்கமான இலவசப் பராமரிப்புக்கு ஆள் வருவார், அதுவரை அமைச்சர் உள்ளேயே இருந்தால் செலவே இல்லை. நல்ல யோசனைதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் மகள், மாப்பிள்ளை, பதிவாளர் மூவரும் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். “மாமா, ஆபீஸ் மூடப் போறாங்க, சீக்கிரம் போடுங்க!” என்று பதிவேட்டை உள்ளே தள்ளினாள். ஒரு விளக்கு விட்டு ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பதும் என் உத்தரவுதான் என்பதால் அரையிருட்டு. எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் மெக்கானிக்குக்கும் கேள்வி கேட்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் நீடூழி வாழட்டும். அத்தானுக்கு என் வணக்கம். உன் கால் விரைவில் தேறட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் காப்பாற்றிய தம்பி

பி.கு.: பதிவாளர் திரும்பி வந்திருக்கிறார். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இல்லையாம். ‘இதைவிடக் குறைந்த செலவில் முடியுமா?’ என்று இருக்கிறதாம். கல்யாணம் செல்லாது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும், கேள்வியில் நியாயம் இருப்பதாகச் சொன்னாராம். உன் மகள் கதவுக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு நிற்கிறாள். மெக்கானிக் ஒப்புதலை ரத்து செய்துவிட்டேன். திங்கட்கிழமை வரட்டும், அவசரமில்லை.